வெள்ளை வேலி, எண் 101

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு போட்டோ கொடுத்துடு ஆர்லன். தீப்பெட்டி அளவு இருந்தாலும் போதும், பேனர் அடிக்கிறவன் பெருசாக்கிக்குவான்" என்றாள் பெவர்லி, தொலைபேசியில்.

"யாரோட போட்டோ?" என்று கேட்டார் ஆர்லன் கிம்மெல், யாருடையது என்று நன்றாகத் தெரிந்திருந்தும்.

"நல்லாக் கேட்டே போ. வெண்டல் சேயரோடதுதான். விழாவுக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. மாலையை யாரு படத்துக்கு முன்னால வைக்கிறது, என் படத்துக்கு முன்னாலயா?"

ஆர்லன் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெண்டல் சேயரைப் பற்றிப் பதினொரு வருடமாகத் தேடியதில் அவரிடம் இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் காகிதம் சேர்ந்திருந்தது. அதில் புகைப்படம் ஒன்றுதான் குறைகிறது என்று பெவர்லி நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் எங்கே பிறந்தார், எங்கே குடியிருந்தார், எந்தக் கல்லறையில் கிடக்கிறார் என்று சொல்ல அதில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

"பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

டோரீன் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே, "என்னவாம் மகாராணிக்கு?" என்றாள்.

"சேயர் போட்டோ வேணுமாம்."

"இல்லைன்னு சொல்றதுக்கென்ன?"

"இல்லைன்னு சொன்னா, அப்ப வேற என்னதான் இருக்குன்னு கேப்பா."

"அது நியாயமான கேள்விதானே" என்றாள் டோரீன். முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவள், அதற்கு மேல் நோண்டவில்லை.

இந்தியானா மாநிலத்தின் டன்ஃபோர்டு ஊரில் முப்பத்தோரு வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர் ஆர்லன். அந்த வேலை அவருக்குள் ஒரு நம்பிக்கையை ஊன்றிவிட்டிருந்தது. ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தால், அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு ஆள் இருந்தாக வேண்டும். வீடு மாறியிருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். ஆனால் ஆள் இருந்திருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு இசைத்தட்டு இருந்தது. ஏழு அங்குலத் தட்டு, நடுவில் வெளிறிய பச்சைக் காகிதம். அதில் மேலே 'வெள்ளை வேலி ரெக்கார்ட்ஸ்' என்று இருந்தது. அதன் கீழே 'எண் 101'. பிறகு, 'பாடியவர்: ஹோமர் கிம்மெல்'. எல்லாவற்றுக்கும் அடியில், 'தயாரித்தவர்: வெண்டல் சேயர்'.

ஹோமர் என்பது ஆர்லனின் அப்பா. சோளம் விதைத்து, பன்றி வளர்த்து, மீதி நேரமெல்லாம் பாடிக்கொண்டிருந்தவர். அவருடைய குரலைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து கிடையாது. மெத்தடிஸ்ட் சர்ச்சின் பாடகர் குழுவில் அவரைக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்தும் கேட்டது. பாஸ்டர் ஒருநாள் தோளில் கை போட்டு, "ஹோமர், ஆண்டவருக்கு உதடு அசைஞ்சாலே போதும், சத்தம் வேணும்னு இல்லை" என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். ஹோமர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அறுபத்து நான்காம் வருடத்து இலையுதிர் காலத்தில் வீட்டு வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஹோமர் பாடிய இசைத்தட்டுகள். மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் தட்டு கைக்குக் கை மாறியது. பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தயாரித்தவர் வெண்டல் சேயரா? யாருப்பா அது, ஹோமர்?"

ஹோமர் குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார்.

அதுவே போதுமானதாக இருந்தது. எங்கேயோ நகரத்தில் இருக்கும், விஷயம் தெரிந்த ஒரு பெரிய மனிதர் ஹோமரின் குரலைக் கேட்டு மெச்சித் தட்டு போட்டிருக்கிறார் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முடிவு செய்தது. 'நமக்குத்தான் காது போதவில்லை போலிருக்கிறது' என்று சிலர் ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். அடுத்த வாரம் ஹோமர் முன் வரிசையில் நின்று பாடினார். இரண்டு வருடம் கழித்து மாரடைப்பில் போகும்வரை அந்த இடம் அவருடையதாகவே இருந்தது.

ஆர்லனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்கு முந்தின வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் அவன் அப்பாவைப் போல் தொண்டையைப் பிளந்து பாடிக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லனும் சேர்ந்து சிரித்தான். அவ்வளவோடு நிற்கவில்லை, அவர்கள் பாடியது சரியில்லை என்று தானே பாடிக் காட்டினான். ஆர்லன் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கச் சைக்கிளில் வந்த ஹோமர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதனால்தான் ஆர்லனுக்கு வெண்டல் சேயர் வேண்டியிருந்தது. உலகத்தில் ஒரே ஒரு மனிதர் அப்பாவின் குரலைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பெற்ற மகனே சிரித்தபோது, அந்த மனிதர் மதித்துத் தட்டு போட்டார். அவருடைய கல்லறையையாவது கண்டுபிடித்து, தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்பது ஆர்லனின் ஆசை. வேறு லட்சியம் எதுவும் அவருக்கு இல்லை.

அம்மா உயிரோடு இருந்தபோது கேட்டுப் பார்த்திருக்கிறார். "எனக்கென்னடா தெரியும், எல்லாம் உங்கப்பாதான் பார்த்துக்கிட்டார்" என்றாள் அம்மா. அந்த வருடம் கொட்டகையில் நின்ற பழுப்புக் கிடாரி என்ன ஆயிற்று என்று கேட்டாலும் அம்மா அதே பதிலைத்தான் சொன்னாள்.

அந்தக் காலத்தில் நகரங்களில் தட்டு அடித்துத் தரும் கம்பெனிகள் இருந்தன. பாடிய டேப்பையும் ஒரு படிவத்தையும் தபாலில் அனுப்பினால், கேட்ட அளவு தட்டு அடித்து அனுப்பிவிடுவார்கள். சர்ச் குழு, பள்ளிக்கூட பேண்ட், அக்கார்டியன் வாசிக்கும் கசாப்புக்கடைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அவரவர் தட்டுக்கு அவரவர் ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஊர்ப் பெயர் வைத்தவர்கள் உண்டு, நாயின் பெயரை வைத்தவரும் உண்டு. அந்தப் பெயர் அந்த ஒரு தட்டோடு முடிந்துபோகும். தட்டு சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஆனால் பதினொரு வருடத்துக்கு முன்னால் பக்கத்து மாவட்டத்தில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றார்கள். அங்கே ஆர்லன் கையில் இன்னொரு வெள்ளை வேலி தட்டு அகப்பட்டது. ஏதோ பள்ளிக்கூட பேண்ட். 'தயாரித்தவர்: வெண்டல் சேயர்'. ஆர்லன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒரே பெயர் இரண்டு ஊர்த் தட்டில் இருந்தால் அது விளையாட்டுக்கு வைத்த பெயர் இல்லை, நிஜமான கம்பெனி. மூன்றாவது தட்டு ஒரு சவரக்கடைக்காரர் சீட்டியடித்தது. மூன்றிலும் எண் 101.

மூன்றும் சகிக்கவில்லை. பேண்டில் இருபது பேர் இருபது பாட்டு வாசித்தார்கள். சவரக்கடைக்காரருக்குப் பாதியில் மூச்சு வாங்கியது. அதைக் கேட்கக் கேட்க ஆர்லனுக்கு சேயர் மீது மரியாதை ஏறிக்கொண்டே போனது. வேறு எவரும் சீந்தாதவர்களைத் தேடித்தேடிப் போய்த் தட்டு போட்டிருக்கிறார் மனிதர். எல்லோருக்கும் 101 என்று ஒரே எண் கொடுத்திருக்கிறார், யாரும் இரண்டாவது ஆள் இல்லை என்று காட்டுவதற்காக. தபால்காரர் ஒருவர் ஒரு முன்பின் தெரியாதவரை இவ்வளவு நேசித்தது ஆச்சரியம்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் வாரப் பத்திரிகையில் நாலு வரி எழுதினார். 'இந்த வெண்டல் சேயர் நம் பக்கத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.' அவ்வளவுதான் எழுதினார். அதை ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் பெவர்லி படித்தாள். பக்கத்து ஊர்ச் சங்கத்தில் ஒரு ராணுவத் தளபதியின் சேணம் இருந்தது. டன்ஃபோர்டிடம் இருந்ததெல்லாம் ஒரு வெள்ளம் வந்துபோன குறி, அதுவும் சுவரில் பாதி அழிந்திருந்தது. பெவர்லி 'இருக்கலாம்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நூலகத்தில் ஒரு நினைவுப் பலகை திறப்பதாகவும் தீர்மானம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் ஆர்லன் அப்பாவின் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனார். அறுபத்து நாலில் சர்ச் மைதானத்தில் நடந்த விருந்து. ஹோமர் கையில் தட்டோடு நிற்கிறார். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர்.

"இது யாருன்னு உனக்குத் தெரியுதான்னு கேக்கத்தான் கொண்டுவந்தேன்" என்றார்.

பெவர்லி உற்றுப் பார்த்தாள். "தெரியலையே."

"எனக்கும் தெரியலை."

"அப்ப அவர்தான்" என்றாள் பெவர்லி. "நம்ம ஊர்ல நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாத மூஞ்சி ஏது? வெளியூர் ஆளு, உங்கப்பா பக்கத்துல நிக்கிறாரு, அதே வருஷம். வேற யாரா இருக்க முடியும்?"

"அவசரப்படாதே பெவ். நான் அப்படிச் சொல்லலை."

"நீ சொல்லலை, நான்தானே சொல்றேன்."

திங்கட்கிழமை நூலக வாசலில் தொப்பிக்காரர் ஆறடி உயரத்தில் தொங்கினார். அன்று மதியமே நூலகத்தின் வேலிக்கு வெள்ளை அடித்தார்கள். புதன்கிழமைக்குள் கடைத்தெருவில் வேலி வைத்திருந்தவர்கள் எல்லோரும் வெள்ளை அடித்துவிட்டார்கள். வேலி இல்லாத பல் மருத்துவர் புதிதாக ஒன்று போட்டார்.

வியாழக்கிழமை, தீவனக்கடை வர்ஜில் ஓட்ஸ் ஆர்லன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உள்ளே வா வர்ஜில். காபி?"

"காபி இருக்கட்டும். எங்க கிளைட் மாமாவை எதுக்குய்யா நூலகத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க?"

ஆர்லன் உட்கார்ந்தார். தொப்பிக்காரர் வர்ஜிலின் மாமா கிளைட். இவான்ஸ்வில் பக்கம் இருந்தவர். ஊர் ஊராகப் போய் வாக்குவம் கிளீனர் விற்றவர். அன்றைக்கு விருந்துக்கு வந்து, வறுத்த கோழியைச் சாப்பிட்டுவிட்டு, பாஸ்டர் வீட்டில் ஒரு கிளீனரைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"தப்பு நடந்துபோச்சு வர்ஜில். பேனரை இன்னைக்கே இறக்கச் சொல்றேன்" என்று எழுந்தார் ஆர்லன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெவர்லியிடம் அதைச் சொன்னபோது அவள் முகம் முதலில் வெளுத்து, பிறகு மெல்ல மலர்ந்தது.

"ஊர் ஊராப் போவாரா?"

"வாக்குவம் கிளீனர் விக்க."

"ஊர் ஊராப் போறவரு. வீட்டுக்குள்ளே வரைக்கும் போறவரு. யாரு வீட்ல யாரு பாடறாங்கன்னு அவருக்குத் தெரியாம வேற யாருக்குய்யா தெரியும்? கிளைட் ஓட்ஸ்ங்கறது வியாபாரத்துக்கு, வெண்டல் சேயர்ங்கறது பாட்டுக்கு. ரெண்டு பேரு வெச்சிருந்திருக்காரு மனுஷன்."

ஆர்லன் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது பொருந்தியது. அவர் பதினொரு வருடம் தேடிக் கண்டுபிடித்த எதையும்விட நன்றாகவே பொருந்தியது.

வர்ஜிலிடம் இதைச் சொன்னதும் அவர் தாடையைத் தடவினார்.

"மாமாவுக்குப் பாட்டுன்னாலே ஆகாதே. ரேடியோவுல பாட்டு வந்தா எந்திரிச்சுப் போய் அமத்துவாரு."

"வெளியில காட்டிக்காம இருந்திருக்கலாம்" என்றாள் பெவர்லி.

"இருக்கும் இருக்கும்" என்றார் வர்ஜில், மாமாவை முதல்முறையாக மரியாதையோடு நினைத்துப் பார்த்து. மறுநாள் கிளைட் மாமாவின் வாக்குவம் கிளீனர் ஒன்றைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்து வைத்தார். குழாயில் ஓட்டை இருந்தது, ஆனால் ஓடியது.

இந்தச் செய்தியைப் பெரிய பத்திரிகை ஒன்று எடுத்துப் போட்டது. அதோடு கட்டு அவிழ்ந்துவிட்டது. நெப்ராஸ்காவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுடைய பெரியம்மாக்கள் இரண்டு பேர் சேர்ந்து பாடிய வெள்ளை வேலி தட்டு தன்னிடம் இருப்பதாகச் சொன்னாள்.

"எண் என்னம்மா?" என்று கேட்டார் ஆர்லன், பென்சிலைக் கூர் சீவியபடி.

"நூத்தி ஒண்ணு."

மறு வாரம் மெய்ன் மாநிலத்து மீன்பிடித் துறைமுகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அங்கேயும் 101. பிறகு டெக்சஸ், அங்கேயும் 101. ஆர்லனுக்குச் சந்தேகம் வந்தது. மெய்ன் வரைக்கும் போய் ஒருவர் வாக்குவம் கிளீனர் விற்பாரா? பெவர்லிக்கு அந்தக் கவலையே இல்லை. அவள் நூலகச் சுவரில் ஒரு அமெரிக்கப் படத்தை மாட்டி, ஊருக்கு ஒரு ஊசி குத்தி, எல்லா ஊசியிலிருந்தும் டன்ஃபோர்டுக்குச் சிவப்பு நூல் இழுத்துக் கட்டினாள். புதிய பேனர் ஒன்றும் வந்தது: 'இந்த ஊரில் எல்லோரும் நூற்றி ஒன்று.' கடைத்தெருவில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து "என்ன, நூத்தி ஒண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"நான் போய் எல்லாத்தையும் நிறுத்திடறேன்" என்றார் ஆர்லன், சாப்பாட்டு மேஜையில்.

டோரீன் பட்டாணியை அவர் தட்டில் தள்ளினாள். "என்னன்னு சொல்லி நிறுத்துவே?"

"கிளைட் ஓட்ஸ் இல்லைன்னு."

"அப்ப யாருன்னு கேப்பாங்க."

"தெரியலைன்னு சொல்லுவேன்."

"பதினொரு வருஷமா அதைத்தானே சொல்லிட்டிருக்கே? ஒருத்தரும் கேக்கலையே." அவள் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அந்த ஆளு கிடைச்சா என்ன கேப்பே?"

ஆர்லன் பட்டாணியை ஓரமாக ஒதுக்கினார். "அப்பா நல்லாப் பாடினாரான்னு."

"அதுக்கு அவரு எதுக்கு? தட்டுதான் உங்கிட்டே இருக்கே, போட்டுக் கேளேன்."

"நான் கேட்டா எனக்கு நல்லா இல்லையே, டோரீன். அதுதானே கஷ்டம். எனக்கு இன்னும் சிரிப்பு வருது. யாராவது ஒருத்தருக்காவது அது நல்லா இருந்திருக்கணும்."

டோரீன் எழுந்து போய் ஆப்பிள் பலகாரத்தில் பெரிய துண்டாக வெட்டி அவர் முன்னால் வைத்தாள்.

விழாவுக்கு நாலு நாள் முன்னால் ஓர் அஞ்சலட்டை வந்தது. லூயிவில் முத்திரை. சின்னச் சின்ன, நேரான எழுத்து.

'ஐயா, பத்திரிகையில் பார்த்தேன். வெள்ளை வேலி தட்டுகளை அடித்துக் கொடுத்த கம்பெனியில் அறுபத்து மூன்று முதல் ஆறு வருடம் ஆர்டர் பிரிவில் வேலை பார்த்தேன். வெண்டல் சேயர் விஷயம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை. அட்டையில் எழுத இடம் போதாது. சனிக்கிழமை என் மருமகன் அந்தப் பக்கம் வருகிறான், அவனோடு வருகிறேன். ஓட்டிலி பிராண்ட்.'

ஆர்லன் அதை மூன்று தடவை படித்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தொலைபேசி எண் இல்லை. தட்டு அடித்த அந்தக் கம்பெனி மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் காகிதங்களை அவர் தேடியபோது எல்லாம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இப்போது அதிலிருந்து ஒரு ஆளே நேரில் வருகிறார்.

அட்டையைப் பெவர்லியிடம் காட்டியது தவறு. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லையாம். படிச்சியா? ஒரு பொம்பளை எப்ப இப்படி எழுதுவான்னு உனக்குத் தெரியாதா?"

"ஆர்டர் பிரிவுல இருந்திருக்காங்க, பெவ்."

"அங்கதான் ஆரம்பிச்சிருக்கும்."

சாயங்காலத்துக்குள் வர்ஜில் வந்துவிட்டார். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஆர்லன், எங்க மேபெல் அத்தை இன்னும் உயிரோட இருக்காங்க. கிளைட் மாமாவைக் கட்டினவங்க. எண்பத்தெட்டு வயசு. லூயிவில்லருந்து ஒரு பொம்பளை வர்றான்னு யாரோ போய்ச் சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"சனிக்கிழமை முன் வரிசையில இடம் வெக்கச் சொன்னாங்க."

சனிக்கிழமை நூலகத்தில் எள் போட இடமில்லை. காபியும், வெள்ளை வேலி போல் சர்க்கரை பூசிய கேக்கும் ஒரு மேஜையில் இருந்தன. முன் வரிசையில் சக்கர நாற்காலியில் மேபெல் அத்தை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு ஆரம்பித்த பிறகுதான் ஓட்டிலி பிராண்ட் வந்து சேர்ந்தார். குள்ளமாக, சுறுசுறுப்பாக, நீல ஸ்வெட்டர் போட்டிருந்தார். மேபெல் அத்தை அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவரோ அத்தையைப் பார்த்து ஒரு மரியாதைக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு அவர் கண் பேனருக்குப் போனது, அங்கிருந்து ஊசி குத்திய படத்துக்குப் போனது. அவருடைய புருவம் மேலே ஏறியது, இறங்கவே இல்லை.

பெவர்லி பேசினாள். வர்ஜில் வாக்குவம் கிளீனரை ஓட்டிக் காட்டினார். பிறகு ஹோமரின் தட்டைப் போட்டார்கள்.

கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு ஹோமர் கிம்மெல் பாடினார். மேலே போக வேண்டிய இடத்தில் பக்கவாட்டில் போனார். பியானோ இரண்டு தடவை அவருக்காக நின்று காத்திருந்துவிட்டு, பிறகு தன் வழியில் போய்விட்டது. கடைசி வரியில் குரல் உடைந்தது, ஆனாலும் அவர் விடவில்லை, உடைந்ததையே வைத்துக்கொண்டு முடித்தார். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். கிழவர் ஒருவர், "அந்தக் காலத்துல எங்களுக்குக் காது இல்லை" என்றார் பக்கத்து ஆளிடம்.

ஆர்லன் எழுந்து மைக் முன்னால் வந்தார். எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பதினோரு வயசு இருக்கும்போது எங்கப்பா பாடறதைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவரு மாதிரியே பாடிக் காமிச்சேன். அவரு பார்த்துட்டாரு. மன்னிப்புக் கேக்கலை, கேக்கறதுக்குள்ள போயிட்டாரு." அவர் ஓடி முடிந்த தட்டைப் பார்த்தார். "வெண்டல் சேயர் யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. கிளைட் ஓட்ஸா, வேற யாராவதான்னும் தெரியாது. ஆனா எங்கப்பா குரலை உலகத்துக்குக் கேக்க வெக்கணும்னு ஒரே ஒரு ஆள் நினைச்சிருக்காரு. அந்த ஆளுக்கு நன்றி சொல்லணும். அதுக்குத்தான் இத்தனை வருஷம் தேடினேன்."

பெவர்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓட்டிலியைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்து வந்தாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. அவரு எப்படிப்பட்ட மனுஷன்?"

மேபெல் அத்தை சக்கர நாற்காலியை ஒரு முழம் முன்னால் உருட்டினாள்.

ஓட்டிலி மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஆர்லனின் சிவந்த கண்களைப் பார்த்தார். கைப்பையைத் திறந்தார். அதிலிருந்து நாலாக மடித்த, மஞ்சளேறிய, யாரும் நிரப்பாத ஒரு படிவத்தை எடுத்து ஆர்லன் கையில் வைத்தார். ஆர்லன் கண்ணாடிக்காகச் சட்டைப்பையைத் துழாவினார்.

ஓட்டிலி அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கம்பெனி பேரு, நம்பரு, தயாரிச்சவர் பேரு, இந்த மூணு கட்டத்துலயும் என்ன எழுதறதுன்னு தெரியாம ஜனங்க வெறுமனே விட்டுடறாங்கன்னு, மாதிரிக்கு 'வெள்ளை வேலி, 101, வெண்டல் சேயர்'னு மூணையும் நான்தான்ப்பா என் இஷ்டத்துக்குக் கற்பனை பண்ணி டைப் அடிச்சு வெச்சேன்; 'இதைக் கோடு போட்டு அடிச்சிட்டு, இந்தப் பாட்டு வெளியில வந்தே ஆகணும்னு நின்னவர் யாரோ அவர் பேரை எழுதவும்'னு கீழேயே போட்டிருந்தேன், உங்கப்பா தன் பேரை எழுதக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுட்டாரு போலிருக்கு."